செல்வநாயகம் அளித்த வாக்கு

பாராளுமன்றப் பிரதிநிதி ஒருவரின் வாழ்க்கையை எழுதப் புகுவோர் அவர் பேசிய பேச்சுக்களையும், ஏறிய மேடைகளையும், சென்ற சிறைகளையுமே பெரிதும் எழுதுவர். சபையிலே அவர் எந்த மசோதாவுக்குச் சார்பாக வாக்களித்தார், எதற்கு எதிராக வாக்களித்தார் என்ற கணக்கை எழுதுவோர் மிகச் சிலர். பேச்சு காற்றோடு கலந்துவிடுவது. வாக்கோ ஏட்டில் ஏறிவிடுவது. ஏட்டில் ஏறியதைப் பின்னர் எவராலும் மாற்றிச் சொல்ல இயலாது.

அத்தகைய கணக்கொன்றை எந்தையார் எழுதி வந்தார். அவர் தெல்லிப்பழைப் பகுதியிலே ஒரு சிறு பாடசாலையில் தமிழாசிரியராக இருந்தவர். எங்கள் தொகுதி காங்கேசன்துறை. முக்கியமான மசோதா ஒன்றன் மீது வாக்கெடுப்பு நடந்தால், மறுநாட் பத்திரிகையைப் பார்த்து, அப்பியாசக் கொப்பி ஒன்றிலே திகதி, மசோதாவின் பெயர், இரு பக்கத்தும் விழுந்த வாக்குத் தொகை ஆகியவற்றை எழுதுவார். அடுத்த நிரலில் எங்கள் பிரதிநிதி நின்ற பக்கம். அதனை அடுத்து ஏனைய கட்சியினர் நின்ற பக்கம். கடைசி நிரலுக்குப் பலன் என்று தலைப்பிட்டிருந்தார். அந்தக் கடைசி நிரலில் ஏறக்குறைய எல்லா வரியிலும் ஒரே சொல்லே இருந்ததைச் சிறுவனாகிய நான் கண்டேன். தோல்வி என்பதே அந்தச் சொல்.

இப்படித் தோற்றுக்கொண்டேயிருக்கும் ஒருவரை எதற்காக மீண்டும் மீண்டும் அனுப்புகிறோம் என்று ஒருநாள் ஐயாவைக் கேட்டேன். அவர் விடை கூறவில்லை. வாக்களிக்கும் வயது வந்த பின் கொப்பியை முழுவதும் படித்துவிட்டுக் கேள் என்று மாத்திரம் சொன்னார். அந்த வயது எனக்கு வந்தபோது, நான் அளித்த முதல் வாக்கும் அந்தப் பிரதிநிதிக்கே அளிக்கப்பட வேண்டியதாயிற்று. அவர்தாம் சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம். ஈழத் தமிழ் மக்கள் தந்தை செல்வா என்று அழைத்தவர்.

பிறப்பும் தொழிலும்

செல்வநாயகம் அவர்கள் 1898 ஆம் ஆண்டு மார்ச் 31 ஆந் திகதி மலாயா நாட்டின் ஈப்போ நகரிற் பிறந்தார். யாழ்ப்பாணத்தவர் பலர் தொழில் தேடி மலாயாவுக்குக் கப்பலேறிய காலம் அது. நான்கு வயதளவில் தாயாருடன் தெல்லிப்பழைக்கு வந்து சேர்ந்தார். தெல்லிப்பழை யூனியன் கல்லூரியிலும், யாழ்ப்பாணம் பரியோவான் கல்லூரியிலும், பின்னர் கொழும்பிலே பரி. தோமாவின் கல்லூரியிலும் பயின்றார். இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி விஞ்ஞானப் பட்டத்தை 1918 இற் பெற்றுச் சில காலம் ஆசிரியராக இருந்தார். சட்டம் பயின்று அப்புக்காத்தானார். நிலம், உறுதி, உரிமை என்று ஏடுகளை நுணுகி ஆராய வேண்டிய சிவில் வழக்குகளில் அவருக்கிருந்த பெயர் பெரியது.

அவர் மேடைப் பேச்சாளர் அல்லர் என்பதனை அவரை நேசித்தவர்களே ஒப்புக்கொள்வர். மெலிந்த தேகம், தாழ்ந்த குரல். பிற்காலத்திலே பார்க்கின்சன் நோய் அந்தக் குரலையும் தளரச் செய்தது. சைவர் பெருந்தொகையினராக வாழும் தொகுதியிலே அவர் கிறித்தவர். இவ்வளவும் இருந்தும் மக்கள் அவரைப் பின்பற்றினர் என்றால், அதற்குரிய காரணத்தை அவருடைய நாவன்மையிலே தேடுவது வீண். அவர் சபையில் அளித்த வாக்குகளிலே தேட வேண்டும் என்பது எந்தையாரின் துணிபு.

முதலாவது வரி

1947 ஆம் ஆண்டுத் தேர்தலிலே அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசின் சார்பில் நின்று, காங்கேசன்துறையின் முதற் பிரதிநிதியாகச் செல்வநாயகம் சபைக்குச் சென்றார். அக்கட்சியின் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம், நாவன்மை மிக்கவர். சபையில் அன்று 101 உறுப்பினர். தமிழ்க் காங்கிரசுக்கு ஏழு ஆசனங்கள் கிடைத்தன. மலையகத் தோட்டத் தொழிலாளரின் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கும் ஏழு ஆசனங்கள் கிடைத்திருந்தன.

மறு ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. பல தலைமுறையாகத் தேயிலையும் இறப்பரும் வளர்த்த தொழிலாளர் தாம் இந்நாட்டவர் என்பதைப் பத்திரங் காட்டி நிறுவ வேண்டியவராயினர். பதிவுகள் ஒழுங்காக இல்லாத அக்காலத்தில் அது பெரும்பாலோர்க்கு இயலாத காரியம். அதனைத் தொடர்ந்து இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமை மசோதா 1948 டிசம்பரில் வாக்கெடுப்புக்கு வந்தது. அதற்கு முன்னரே பொன்னம்பலம் அவர்கள் டி. எஸ். சேனநாயக்காவின் மந்திரிசபையிற் சேர்ந்து கைத்தொழில் மந்திரியாகியிருந்தார். அவர் மசோதாவுக்குச் சார்பாக வாக்களித்தார். செல்வநாயகமும், கோப்பாய்ப் பிரதிநிதி கு. வன்னியசிங்கமும் எதிராக வாக்களித்தனர். மசோதா நிறைவேறியது. 1949 இல் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டது. ஏறக்குறைய ஏழு இலட்சம் மக்கள் நாடற்றவராயினர். 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத்திலிருந்து அவர்களின் பிரதிநிதி ஒருவரேனும் சபைக்குச் செல்லவில்லை.

எந்தையாரின் கொப்பியில் முதலாவது வரி இதுவே. இவ்வாக்கினாற் காங்கேசன்துறை வாசி எவருக்கும் நன்மை விளையப்போவதில்லை. மலையகத் தொழிலாளருள் ஒருவரேனும் செல்வநாயகத்துக்கு வாக்களித்தவர் அல்லர். ஆயினும் இன்று பிறருக்குச் செய்யப்படும் அநீதி நாளை நமக்கும் செய்யப்படும் என்பது அவருடைய வாதம். ஒரு கூட்டத்தாரின் உரிமையைப் பெரும்பான்மை வாக்கினாற் பறிக்கலாம் என்று ஒருமுறை நாட்டப்பட்டால், அக்கருவி அடுத்த முறை எவர்மீதும் பாயலாம் என்பதனை ஒரு சட்ட வல்லுநரின் தெளிவோடு அவர் கண்டார்.

அவ்வாக்கின் பயனாகப் பழைய கட்சி பிளந்தது. வன்னியசிங்கம், மூதவை உறுப்பினர் டாக்டர் இ. மு. வி. நாகநாதன் முதலியோருடன் கூடி, 1949 டிசம்பர் 18 இல் மருதானையில் அரசாங்க லிகிதர் சேவைச் சங்க மண்டபத்திலே இலங்கைத் தமிழரசுக் கட்சியைச் செல்வநாயகம் தொடக்கினார். சமஷ்டி அமைப்பே அக்கட்சியின் கோரிக்கை.

சீமெந்தும் வாக்கும்

கைத்தொழில் மந்திரியாகப் பொன்னம்பலம் அவர்கள் செய்தவற்றை மறைப்பது நேர்மையன்று. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும், வாழைச்சேனைக் காகித ஆலையும், எங்கள் ஊரின் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் அவர் முயற்சியோடு தொடர்புடையவை. 1950 இல் அந்தத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. எங்கள் அயலிலே எத்தனையோ குடும்பங்களுக்கு அதனாற் சோறு கிடைத்தது. எங்கள் மாமா ஒருவரும் அங்கே வேலை பார்த்தவர். மாதச் சம்பளம் பெறுகின்ற கையை, எதிர்க்கட்சி வாங்கில் இருந்து இல்லை என்று சொல்லும் வாயோடு ஒப்பிட்டு அவர் ஐயாவைக் கேலி செய்வார்.

1952 இல் மாமாவைப் போன்றோர் எண்ணிக்கையே மிகுந்தது. செல்வநாயகம் தோற்றார். ஐக்கிய தேசியக் கட்சியின் சார்பில் நின்ற சு. நடேசபிள்ளை வென்றார், அவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மருமகர், தமிழறிஞர், பின்னர் மந்திரியுமானவர். எங்கோ மலைநாட்டிலே இருந்த தொழிலாளருக்காக அளித்த வாக்குக்குத் தம் ஊரிலே தம் ஆசனத்தையே விலையாகக் கொடுத்தார் செல்வநாயகம் என்று எந்தையார் எழுதி வைத்திருந்தார். தமிழரசுக் கட்சிக்கு அம்முறை கிடைத்தவை இரண்டே ஆசனங்கள்.

நான்காண்டுகள் அவர் சபைக்கு வெளியே இருந்தார். அவ்வளவோடு மனந் தளர்ந்து வழக்குகளுக்கே திரும்பியிருந்தால் செல்வந்தராக வாழ்ந்து மறைந்திருப்பார். ஆயினும் அவர் கூறியது விரைவிலேயே மெய்யாயிற்று.

ஐம்பத்தாறும் இருபத்தொன்பதும்

1956 இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா அவர்கள் சிங்களத்தையே ஒரே அரசகரும மொழியாக்குவதாகக் கூறித் தேர்தலில் வென்றார். தமிழரசுக் கட்சி பத்து ஆசனங்களைப் பெற்றது. செல்வநாயகம் மீண்டும் எங்கள் பிரதிநிதியானார். ஜூன் 5 ஆந் திகதி மொழி மசோதா சபைக்கு வந்தது. அன்று காலை செல்வநாயகமும் தோழர்களும் காலிமுகத்திடலிற் சத்தியாக்கிரகம் இருந்தனர். கும்பல் ஒன்று அவர்களைத் தாக்கியது; காயத்தோடு சபைக்குட் சென்ற உறுப்பினரும் உண்டு. ஜூன் 15 இல் அம்மசோதா 56 வாக்குகள் சார்பாகவும் 29 வாக்குகள் எதிராகவும் பெற்றுச் சபையில் நிறைவேறியது. தமிழ்ப் பிரதிநிதிகளோடு சமசமாஜக் கட்சியினரும் கம்யூனிஸ்ட் கட்சியினரும் எதிர்த்து வாக்களித்தனர் என்பதனை நன்றியோடு நினைக்க வேண்டும். எந்தையாரும் அவர்களின் பெயரைக் கொப்பியில் மறவாது எழுதியிருந்தார். பின்னர் அந்நிரல் எவ்வாறு மாறிற்று என்பதையும் மறவாது எழுதினார்.

மறு ஆண்டு ஜூலை 26 இல் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் ஓர் உடன்படிக்கை செய்தனர். பிரதேச சபைகள் அமையும். வடக்குக் கிழக்கிலே தமிழில் நிருவாகம் நடைபெறும். ஒன்பது மாதம் ஆகுமுன்னே, 1958 ஏப்ரலில், பிக்குகள் பிரதமரின் இல்லத்தின் முன் வந்தமர, அவர் அதனைக் கைவிட்டார். மே மாதத்திற் கலவரம் மூண்டது. தமிழரசுக் கட்சி தடைசெய்யப்பட்டு, அதன் பாராளுமன்றப் பிரதிநிதிகள் காவலில் வைக்கப்பட்டனர். தமிழ் மொழி விசேட ஏற்பாட்டுச் சட்டம் அவ்வாண்டு ஆகஸ்டில் நிறைவேறியது. தமிழைப் பற்றிய சட்டம் சபையில் ஆராயப்பட்டபோது தமிழரின் முதன்மைப் பிரதிநிதிகள் காவலில் இருந்தனர் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

இரண்டு வெற்றிகள்

கொப்பியின் கடைசி நிரலிலே வெற்றி என்ற சொல் இரண்டு இடங்களில் இருந்தது. அவ்விரண்டையும் சற்று விரித்துரைக்க வேண்டும்.

1960 மார்ச் தேர்தலில் எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. டட்லி சேனநாயக்கா ஐம்பது உறுப்பினரோடு அரசாங்கம் அமைத்தார். தமிழரசுக் கட்சியிடம் பதினைந்து ஆசனங்கள். ஒரு சிறுபான்மையினரின் வாக்கு தராசின் முள்ளாக அமையும் தருணம் அரிதினும் அரிது. பிரதேச சபைகள், மொழி, மலையக மக்களின் பிரசாவுரிமை முதலிய கோரிக்கைகளைச் செல்வநாயகம் முன்வைத்தார். டட்லி அவர்கள் உடன்படவில்லை. ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியினர் உடன்பட்டனர். ஏப்ரல் 22 இல் சிம்மாசனப் பிரசங்கத்தின் மீதான வாக்கெடுப்பிலே அரசாங்கம் தோற்றது. ஆனால் மகாதேசாதிபதி எதிர்க்கட்சியை அழையாது சபையைக் கலைத்தார். ஜூலைத் தேர்தலில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கா அவர்களின் தலைமையில் சுதந்திரக் கட்சி தனித்து ஆளும் பலத்துடன் வந்தது. தமிழரசுக் கட்சியின் வாக்கு இனித் தேவையில்லை. கொடுத்த சொல்லும் மறக்கப்பட்டது. 1961 ஜனவரி முதல் சிங்களமே அரசகரும மொழியாக நடைமுறைக்கு வர, பெப்ரவரி 20 இல் யாழ்ப்பாணக் கச்சேரியின் முன் சத்தியாக்கிரகம் தொடங்கியது. ஏப்ரலில் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டு, செல்வநாயகம் பனாகொடைப் படைமுகாமில் அடைக்கப்பட்டார்.

இரண்டாவது வெற்றி 1964 டிசம்பர் 3 இல். பத்திரிகைகளை அரசு கையகப்படுத்தும் முயற்சியை ஒட்டி ஆளுங் கட்சியிலிருந்து சிலர் பிரிந்து வர, அரசாங்கம் 74 க்கு 73 என்ற கணக்கிலே ஒரே வாக்கினாற் சரிந்தது. எதிர்த்த எழுபத்து நால்வரிலே தமிழரசுக் கட்சியினரும் இருந்தனர். அடுத்த ஆண்டு மார்ச் 24 இல் டட்லி சேனநாயக்காவும் செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தஞ் செய்தனர். மு. திருச்செல்வம் மூதவை வழியாக மந்திரியானார். 1966 ஜனவரியில் தமிழ் மொழி ஒழுங்குவிதிகள் நிறைவேறின. இடதுசாரிக் கட்சியினர் இம்முறை எதிர்ப் பக்கத்தில் நின்றனர். ஒப்பந்தத்தின் உயிராகிய மாவட்ட சபைகள் மசோதாவோ 1968 இற் கைவிடப்பட்டது. திருச்செல்வம் பதவி துறந்தார்; கட்சியும் அரசாங்கப் பக்கத்தை விட்டு நீங்கியது.

வெற்றி என்று எழுதிய இரண்டு இடங்களுக்கும் பக்கத்திலே எந்தையார் பின்னொரு நாளிற் பென்சிலால் ஒரு கேள்விக்குறி இட்டிருந்தார்.

குறையும் கூறல் வேண்டும்

பெரியோரின் வாழ்க்கையைக் குறையின்றி எழுதுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதையாகாது. தம்முடைய எதிர்ப்பைப் பொருட்படுத்தாது பிரசாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றிய கட்சியோடேயே 1965 இல் செல்வநாயகம் கூட்டுச் சேர்ந்தார். வேறு வழி இருக்கவில்லை என்பர் ஒரு சாரார்; இருந்தது என்பர் மறு சாரார். 1968 இல் எங்கள் தொகுதியிலேயே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் செல்ல முயன்றபோது வாயில் அடைக்கப்பட்டது; போராட்டம் நீண்டது. கிறித்தவராகிய தாம் சைவாலய விடயத்திலே தலையிடுவது முறையன்று என்று அவர் விலகி நின்றார். தொகுதியின் பிரதிநிதி இன்னும் உரக்கப் பேசியிருக்க வேண்டும் என்று அந்நாளிலேயே பலர் கருதினர். மலையகத்தாருக்காக ஆசனத்தையே இழக்கத் துணிந்தவர், தம் வீட்டு வாயிலில் நின்றவர்களுக்காக அத்துணை துணியவில்லையே என்ற வருத்தம் எந்தையாருக்கும் இருந்தது. கொப்பியிலே அந்த ஆண்டுக்குரிய ஒரு வரியை வெறுமையாக விட்டிருந்தார்.

ஆசனத்தைத் திருப்பிக் கொடுத்தவர்

1970 இல் ஐக்கிய முன்னணி பெரும் பலத்துடன் ஆட்சிக்கு வந்து அரசியல் நிர்ணய சபையைக் கூட்டியது. தமிழரசுக் கட்சியினர் அதிற் பங்குபற்றினர். சமஷ்டி அமைப்புக்கான திருத்தத்தை உடுவிற் பிரதிநிதி வி. தர்மலிங்கம் கொண்டுவந்தார், அது தோற்றது. மொழி பற்றிய திருத்தங்களும் தோற்றன. 1971 ஜூனில் அவர்கள் சபையை விட்டு வெளியேறினர். 1972 மே 22 இல் புதிய யாப்பு நிறைவேறியது. சிறுபான்மையினருக்குக் காப்பாக முன்னைய யாப்பில் இருந்த இருபத்தொன்பதாம் பிரிவு புதியதிலே இடம்பெறவில்லை. அந்த யாப்பை முன்னின்று ஆக்கிய மந்திரி டாக்டர் கொல்வின் ஆர். டி சில்வா, 1956 இல் மொழி மசோதாவைக் கடுமையாக எதிர்த்த அதே பெருமகன்.

இனி வாக்களிப்பதாற் பயனில்லை என்று வாளாவிருக்கச் செல்வநாயகத்துக்கு எல்லா நியாயமும் இருந்தது. வயது எழுபத்து நான்கு, நடுங்குங் கை. அவர் செய்தது வேறு. 1972 அக்டோபர் 3 ஆந் திகதி தம் ஆசனத்தைத் துறந்தார். புதிய யாப்பைத் தமிழ் மக்கள் ஏற்கின்றனரா என்பதனைக் காங்கேசன்துறை வாக்காளர் சொல்லட்டும். அரசாங்கம் தன் வேட்பாளரை நிறுத்தட்டும் என்று அறைகூவினார். சபையிலே தம் வாக்குத் தோற்றுவிட்டதனால், அவ்வாக்கைத் தமக்குத் தந்தவர்களிடமே திரும்பக் கொண்டுவந்தார் எனலாம்.

இடைத் தேர்தல் வருவதற்கு இரண்டு ஆண்டும் நான்கு மாதமும் சென்றன. அக்காலத்திலேதான் எனக்கு வாக்குரிமை கிடைத்தது. தரப்படுத்தல் வந்து என் வயதினர் மனம் மிகக் கசந்திருந்த காலம் அது. இந்தக் கிழவரின் வாக்குகளால் நாம் கண்டதென்ன என்பதே எங்கள் பேச்சு. தேர்தலுக்கு முதல் நாளிரவு நான் வாக்களிக்கப் போவதில்லை என்று ஐயாவிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. அலுமாரியிலிருந்து கொப்பியை எடுத்து வந்து, அரிக்கன் இலாம்பின் அருகே வைத்துவிட்டு உறங்கச் சென்றார்.

சிறு வயதில் நான் கடைசி நிரலை மாத்திரம் மேலிருந்து கீழாகப் படித்திருந்தேன். அன்றிரவு ஒவ்வொரு வரியையும் இடமிருந்து வலமாகப் படித்தேன். அப்பொழுது வேறொன்று தெரிந்தது. ஏனைய கட்சியினரின் நிரலிலே பெயர்கள் பக்கம் மாறிக்கொண்டேயிருந்தன. 1948 இல் ஒருவர். 1958 இல் மற்றொருவர். 1960 இல் ஒரு கட்சி. 1966 இலும் 1972 இலும் வேறு கட்சிகள். எங்கள் பிரதிநிதியின் நிரல் ஒன்றே இருபத்தைந்து ஆண்டுகளாக அவர் முதல் நாள் சொன்ன சொல்லோடு பொருந்தி நின்றது. தமிழிலே வாக்கு என்பது சொல்லுக்கும் பெயர்; தேர்தலில் அளிப்பதற்கும் பெயர். இரண்டும் ஒன்றாகவே இருந்த ஒருவரைத்தான் ஐயா அத்தனை ஆண்டுகளாக எழுதி வந்திருக்கிறார் என்று விளங்கிற்று.

1975 பெப்ரவரி 6 ஆந் திகதி காலை, ஐயாவின் சைக்கிளில் முன்னே அமர்ந்து வாக்குச் சாவடிக்குச் சென்றேன். சீமெந்துத் தொழிற்சாலையிலிருந்து இளைப்பாறிய மாமாவும் வரிசையில் நின்றார். எவருக்கு என்று நாங்கள் கேட்கவில்லை. அவர் எங்களைப் பார்த்து முறுவலித்தார். செல்வநாயகம் அவர்களுக்கு 25,927 வாக்குகள் கிடைத்தன. எதிர்த்து நின்ற கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளர் வி. பொன்னம்பலம் அவர்கள் 9,457 வாக்குகள் பெற்றார். ஐயா கொப்பியிலே வெற்றி என்று மூன்றாம் முறை எழுதினார். இதற்குக் கேள்விக்குறி இடவில்லை.

இறுதி நாட்கள்

அதன் பின் நிகழ்ந்தவற்றை யாவரும் அறிவர். 1976 மே 14 இல் வட்டுக்கோட்டை மாநாட்டிலே தனிநாட்டுத் தீர்மானம் அவர் தலைமையில் நிறைவேறியது. கால் நூற்றாண்டாகச் சமஷ்டி கேட்டவர் அதனை விட்டு நீங்கியது, மாறாத அந்த நிரலில் வந்த ஒரே பெரிய மாற்றம். அது சரியா பிழையா என்பதில் இன்றும் நம்மவருக்குள் ஒருமித்த கருத்து இல்லை. ஒன்று மட்டும் கூறலாம்: அதனை அவர் மறைவில் வைக்கவில்லை. சமஷ்டிக் கோரிக்கையைக் கைவிட்டதைத் தேசிய அரசுப் பேரவையிலேயே எழுந்து வெளிப்படையாக அறிவித்தார்.

இருபத்து நான்கு ஆண்டுகள் எதிரெதிரே நின்ற ஜீ. ஜீ. பொன்னம்பலமும் அவரும் 1972 இல் ஒரே கூட்டணியில் இணைந்திருந்தனர். பொன்னம்பலம் அவர்கள் 1977 பெப்ரவரியில் மலேசியாவிற் காலமானார். செல்வநாயகம் அவர்கள் அவ்வாண்டு ஏப்ரல் 26 இல் இயற்கை எய்தினார். மலாயாவிற் பிறந்தவர் யாழ்ப்பாணத்திலும், யாழ்ப்பாணத்தவர் மலேசியாவிலுமாக, பழைய தோழர் இருவரும் மூன்று மாத இடைவெளியில் மறைந்தனர். யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் அயலிலே தந்தை செல்வாவின் நினைவுத் தூபி நிற்கிறது.

அவர் மறைந்தபின் வந்த ஆண்டுகளில் என் வயதினர் பலர் வாக்கின் மீது வைத்திருந்த நம்பிக்கையை முற்றாகக் கைவிட்டனர். அவர்கள் கடைசி நிரலை மட்டும் படித்தவர்கள் என்று நான் குறை கூறமாட்டேன். அந்நிரலை அவ்வாறு நிரப்பியவர்கள் அவர்கள் அல்லர். எப்பொழுதும் தோற்கும் பக்கத்திலேயே ஒரு மக்களின் வாக்கை வைத்திருக்கும் சபை, முடிவில் அம்மக்களை வாக்கிலிருந்தே விரட்டிவிடுகிறது. இதுவே அந்தக் கொப்பி நாட்டுக்குச் சொன்ன எச்சரிக்கை. அதனைக் கேட்டவர் இலர்.

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து நாங்கள் இடம்பெயர்ந்தோம். ஐயா முதுகிலே ஒரு சாக்கு மூட்டையும் கையிலே அம்மாவின் கையுமாக நடந்தார். கொப்பி அலுமாரியிலேயே தங்கிவிட்டது. கால் நூற்றாண்டு கழிந்து காணியைப் பார்க்கப் போனபோது கிணறு ஒன்றே அடையாளமாக இருந்தது. ஐயா அதற்கு முன்னரே காலமாகிவிட்டார்.

அண்மையில் என் பேத்திக்கு வாக்குரிமை வந்தது. இந்த ஒரு வாக்கினால் என்ன ஆகும், தாத்தா என்று அவளும் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே கண்ணும் கலங்கிற்று. கடைக்குச் சென்று நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கி வந்து, ஐயா கோடிட்டவாறே நிரல்களைக் கோடிட்டுக் கொடுத்தேன். உன் பிரதிநிதி எவராயினும் ஆகுக. அவர் என்ன பேசுகிறார் என்று கேட்பதோடு நில்லாது, என்ன சொன்னார், எப்பக்கம் வாக்களித்தார் என்பதனை ஒவ்வொரு வரியாக எழுதி வா என்றேன். பலன் என்ற கடைசி நிரலைக் கடைசியாகவே படிக்க வேண்டும் என்றும் சொல்லி வைத்தேன்.